யார் சொன்ன ரசம்? மாட்டுங்காவின் சமையல் நோட்டுகளும் அவற்றை அடுக்கும் முறையும்

மும்பை மாட்டுங்காவில் 1930களிலும் 40களிலும் எழும்பிய மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக ரீடெவலப்மெண்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வீட்டைக் காலி செய்யும்போது பரணில் இருக்கும் பித்தளைப் பாத்திரங்கள் எடைக்குப் போகும். பழைய டைரிகளும் பத்திரிகைக் கட்டுகளும், பழைய பேப்பர் வாங்கும் ரத்திவாலாவிடம் போகும். அந்தக் கட்டுகளுக்குள் வீட்டுப் பெண்கள் நாற்பது, ஐம்பது வருஷம் எழுதி வைத்த சமையல் நோட்டுகளும் இருக்கும். எறிந்துவிடுவது ஒருவகை இழப்பு. எல்லோருக்கும் தெரியும் இழப்பும் அதுதான். இன்னொரு வகை பலர் கண்ணில் படுவதில்லை. அக்கறையுள்ள பேத்தி ஒருத்தி நோட்டைக் கையில் எடுக்கிறாள். குழம்பு, கூட்டு, ரசம், பட்சணம் என்று தலைப்புப் போட்டு அழகாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். வேலை முடிந்ததும் எண்ணெய்க் கறை படிந்த பழைய நோட்டைப் போட்டுவிடுகிறாள். சமையல் குறிப்புகள் தப்பிவிட்டன. அவற்றை யார், எப்போது, எதற்காகச் சொன்னார்கள் என்பது போய்விட்டது. இந்த இரண்டாவது இழப்பைத் தவிர்க்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மாட்டுங்காவில் இப்படிப்பட்ட நோட்டுகள் ஏன் பிறந்தன என்று முதலில் பார்க்க வேண்டும். 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. அதன் விளைவாக 1898இல் பம்பாய் நகர இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் ஏற்பட்டது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளை மனைகளாகப் பிரித்துச் சாலை போட்டு வளர்த்தது அந்த டிரஸ்ட்தான். டைப்பிஸ்டாகவும் ஸ்டெனோகிராபராகவும் ரயில்வே குமாஸ்தாவாகவும் தெற்கிலிருந்து வந்தவர்கள் மாட்டுங்காவில் நிலைகொண்டார்கள். 1923இல் ஆஸ்திக சமாஜம், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952இல் ஷண்முகானந்தா சபை என்று அவர்களுடைய அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இந்த வரலாற்றை வரலாற்றாளர் நிகில் ராவ் 2013இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சமையலறையும் கழிப்பறையும் ஒரே கதவுக்குள் அடங்கிய ஃபிளாட் வாழ்க்கையை இந்தக் குடும்பங்கள் எப்படி ஏற்றுக்கொண்டன, தமிழரும் மலையாளியும் கன்னடியரும் தெலுங்கரும் இங்கே எப்படித் ‘தென்னிந்தியர்’ என்ற ஒரே பெயருக்குள் வந்தார்கள் என்பவை அவர் காட்டும் முக்கியமான செய்திகள்.

தனியாக வந்த ஆண்களுக்குச் சாப்பாட்டுக் கவலை பெரிதாக இருக்கவில்லை. 1937இல் தொடங்கிய மணீஸ் லஞ்ச் ஹோம், 1942இல் ராமா நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் போன்றவை இருந்தன. கவலை தொடங்கியது மனைவி வந்து சேர்ந்த பிறகு. ஊரில் ஒரு அடுப்பங்கரையில் மாமியார், ஓரகத்தி, விதவை அத்தை என்று நாலு பேர் இருப்பார்கள். பார்த்துப் பார்த்தே கை பழகிவிடும். மாட்டுங்கா ஃபிளாட்டில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி தனியாக நின்றாள். கேட்க ஆளில்லை. கடிதம் போட்டுக் கேட்டாள். வந்த பதிலை நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுப்பங்கரை அறிவு முதன்முறையாகக் காகிதத்துக்கு வர வேண்டியிருந்தது இப்படிப்பட்ட தனிமையால்தான்.

சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ இதே தேவையிலிருந்து வந்த புத்தகம். இளவயதிலேயே கணவரை இழந்தவர் அவர். சமையலில் நல்ல பெயர். கல்யாணமாகி வெளியூர் போன உறவுப் பெண்கள் குறிப்புக் கேட்டு அவருக்கு எழுதுவார்கள், அவர் பதில் எழுதுவார். இப்படி எழுதுவதையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போடச் சொன்னவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர். சாமான் பட்டியலையும் அளவையும் மேலே கொடுத்து, செய்முறையைக் கீழே படிப்படியாகச் சொல்லும் அந்த முறை, தமிழ் வீடுகளின் கைநோட்டுகளுக்கே ஒரு முன்மாதிரியாகிவிட்டது. 1962இல் மீனாட்சி அம்மாள் காலமானார். மணப்பெண்ணுக்குச் சீர்வரிசையோடு அந்தப் புத்தகத்தையும் வைத்துக் கொடுக்கும் வழக்கம் பிறகும் நீண்டது. எனக்கு அந்தப் புத்தகத்தின்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அச்சுக்குப் போனபோது கேட்டவளும் மறைந்தாள், கடிதமும் மறைந்தது, குறிப்பு மட்டும் நின்றது. எல்லோருக்குமான புத்தகத்துக்கு அது சரி. ஒரு வீட்டின் நோட்டுக்கு அதே கதி நேர வேண்டியதில்லை.

எங்கள் உறவில் பெரியம்மா ஒருவர் மாட்டுங்காவில் பாவுதாஜி ரோடு பக்கம் குடியிருந்தார். அவருடைய நோட்டு, ஒரு பாங்க் கொடுத்த பழைய டைரி. தேதிகளை மதிக்காமல் ஜனவரியிலிருந்து நவம்பர் வரை எழுதியிருக்கிறார். மார்ச் மாதப் பக்கம் ஒன்றில் நீல மையில் ‘மைசூர் ரசம் — ரெண்டாம் மாடி மாமி’ என்று தலைப்பு. கீழே துவரம்பருப்பு, தனியா, மிளகு, வறுத்து அரைக்கும் தேங்காய். ‘மிளகாய் 6’ என்பதைப் பென்சிலால் அடித்து, ‘பேட்கின்னா 9’ என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார். ஓரத்தில் வேறு பேனாவில்: ‘சம்பந்தி வந்தப்போ பண்ணினது. புளி கம்மி பண்ணணும்.’ அடுத்த பக்கத்தில் சாபுதானா கிச்சடி. தலைப்புக்கு அருகே எதிர்வீட்டு மராட்டியக் குடும்பத்தின் பெயர். அதற்கடுத்து, ‘அம்மா லெட்டர்’ என்ற குறிப்போடு பாலக்காட்டு மொளகூட்டல்.

இதை வகை பிரித்தால் மைசூர் ரசம் ‘ரசம்’ பகுதிக்குப் போகும், கிச்சடி ‘டிபன்’ பகுதிக்கு, மொளகூட்டல் ‘கூட்டு’ பகுதிக்கு. மூன்றும் அடுத்தடுத்து இருந்ததால் தெரிந்த செய்தி, அதாவது புதிதாகக் குடிவந்த ஒரு பெண் கன்னடக்கார மாடிவீட்டிலிருந்தும் மராட்டிய எதிர்வீட்டிலிருந்தும் தன் தாயிடமிருந்தும் ஒரே பருவத்தில் கற்றுக்கொண்டாள் என்பது, சிதறிவிடும். அர்ஜுன் அப்பாதுரை 1988இல் இந்தியச் சமையல் புத்தகங்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதைத்தான் பெரிய அளவில் காட்டினார். தமிழ்ப் பெற்றோருக்கு 1949இல் பம்பாயில் பிறந்த மானிடவியலாளர் அவர். மாநில எல்லைகளையும் சாதி எல்லைகளையும் தாண்டி நகர்ப்புற நடுத்தரக் குடும்பப் பெண்கள் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டதையும், ‘இந்தியச் சமையல்’ என்ற ஒன்று புத்தகங்களில் உருவானதில் அதற்கு இருந்த பங்கையும் அவர் எடுத்துச்சொன்னார். அவர் அச்சுப் புத்தகங்களைக் கொண்டு பேசினார். மாட்டுங்காவின் மாடிப்படிகளில் அது நடந்ததற்கான நேரடிச் சாட்சி இந்த நோட்டுகள். கையெழுத்தோடும் வீட்டுப் பெயரோடும் இருக்கும் சாட்சி.

ஆவணக் காப்பகங்களில் ஒரு விதி உண்டு. ஒருவரிடமிருந்து வந்த காகிதங்களை மற்றவருடையவற்றோடு கலக்கக் கூடாது. அவர் வைத்திருந்த வரிசையைக் கலைக்கவும் கூடாது. தேடுவதற்கு வசதி வேண்டுமென்றால் பட்டியல் ஒன்று தனியாகத் தயாரிப்பார்கள், காகிதத்தை இடம் மாற்ற மாட்டார்கள். சமையல் நோட்டுக்கும் இதுவே போதும் என்பது என் முடிவு. நோட்டை அப்படியே விட்டுவிடுங்கள். பக்கத்தின் மூலையில் மெல்லப் பென்சிலால் எண் போடுங்கள். இடையில் செருகியிருக்கும் துண்டுச் சீட்டு, மங்கையர் மலரிலிருந்து கத்தரித்த பக்கம், கடிதம் எதுவானாலும் எந்த இரு பக்கங்களுக்கு நடுவில் இருந்தது என்று குறித்துக்கொண்ட பிறகே கையில் எடுங்கள். தேடும் வசதிக்குத் தனியாக ஓர் அட்டவணை எழுதுங்கள்: பண்டத்தின் பெயர், பக்க எண், சொன்னவர், அவருடைய ஊர், எந்த நாளுக்கான சமையல், எந்த அளவில் எழுதப்பட்டது. குழம்பு, கூட்டு என்ற வகைப்பாடு அந்த அட்டவணையில் ஒரு கட்டமாக இருந்தால் போதும். ஒரே பண்டத்துக்கு மூன்று பேர் சொன்ன மூன்று முறை இருந்தால் மூன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். சிறந்ததைத் தேர்ந்தெடுத்து ஒன்றாக்குவது ருசிக்கு நல்லதாக இருக்கலாம், நோட்டுக்குக் கேடு.

அளவு என்ற கட்டம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956இல் வந்து, 1958 அக்டோபரில் நடைமுறைக்கு வரத் தொடங்கி, சில வருஷங்களில் கடைத்தெருவெல்லாம் பரவியது. மாட்டுங்காவின் பழைய நோட்டுகள் அந்த மாற்றத்துக்கு இரு பக்கமும் கால் வைத்து நிற்பவை. முன்பக்கங்களில் ஆழாக்கு, வீசை, பலம், ரூபாய் எடை இருக்கும், பின்பக்கங்களில் கிராம். ரூபாய் எடை என்றால் ஒரு தோலா, 11.66 கிராம். ஒரு பலம் மூன்று தோலா, ஏறக்குறைய 35 கிராம். வீசைக்கு நாற்பது பலம், அதாவது 1.4 கிலோ. இவற்றை மாற்றிப் போடுவது சுலபம். சேர் என்று எழுதியிருந்தால்தான் சிக்கல். சென்னை மாகாணத்து எடைச் சேர் 24 தோலா, சுமார் 280 கிராம். அரசாங்கக் கணக்கில் ஓடிய சேர் 80 தோலா, 933 கிராம். ஒரே சொல், மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். தஞ்சாவூரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண், ஊரில் எழுதிய பக்கத்துக்கு ஒரு சேரும் பம்பாய்க் கடையில் சாமான் வாங்கப் பழகிய பிறகு எழுதிய பக்கத்துக்கு வேறு சேரும் வைத்திருக்கலாம். எந்தப் பக்கம் எப்போது எழுதப்பட்டது என்பது தெரிந்தால்தான் ‘வெல்லம் 1 சேர்’ என்பதை எடைபோட முடியும். வரிசையைக் கலைத்துவிட்டால் அந்த ஒரே துப்பும் போய்விடும். நாழியும் அப்படித்தான். தமிழ்நாட்டு வாய்பாட்டில் நாழி என்றால் எட்டு ஆழாக்கு, ஒரு முழுப் படி. பாலக்காட்டு வீட்டு நாழி அதில் ஒரு சிறு பங்குதான்.

டம்ளர் இதைவிடச் சிக்கல், ஏனென்றால் அது அந்த வீட்டுக்கு மட்டுமே உரிய அளவை. நோட்டில் ‘அரிசி 2 டம்ளர்’ என்று இருந்தால் அது சாமான் அலமாரியில் அரிசி டின்னுக்குள் கிடந்த ஒரு குறிப்பிட்ட எவர்சில்வர் டம்ளர். நோட்டைப் பத்திரப்படுத்துபவர் முதலில் தேட வேண்டியது அந்த டம்ளரைத்தான். கிடைத்தால் வேலை எளிது. தராசில் வைத்து, எடையைக் குறித்துக்கொண்டு, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மறுபடி எடை போடுங்கள். கூடிய கிராம் எவ்வளவோ அத்தனை மில்லிலிட்டர் அந்த டம்ளர். கிடைக்கவில்லை என்றால் தண்ணீர் அளவிலிருந்து ஊகிக்கப் பார்க்காமல், ‘டம்ளர், அளவு தெரியாது’ என்று அட்டவணையில் எழுதுவதே நேர்மை. அரிசிக்கும் உளுந்துக்கும் உள்ள விகிதம் டம்ளர் எதுவானாலும் மாறாது. பாகுக்கும் மாவுக்கும் இடையில்தான் தகராறு வரும், ஏனென்றால் அங்கே வெல்லத்தை எடையிலும் மாவை டம்ளரிலும் எழுதும் வழக்கம் பலருக்கு உண்டு.

எழுதாமலே விட்ட அளவுகளும் இருக்கின்றன: கைப்பிடி உப்பு, நிதானமாகப் புளி. நோட்டுக்குரியவர் இன்னும் சமைக்கிறார் என்றால் இதற்கு வழி உண்டு. அவரை அளந்து போடச் சொல்லாதீர்கள். சொன்னால் கை தயங்கும், அளவு மாறும். உப்பு ஜாடியைத் தராசின் மேல் வைத்து எடையைக் குறியுங்கள். அவர் வழக்கம்போல அதிலிருந்து எடுத்துப் போடட்டும். மறுபடி எடையைப் பாருங்கள். குறைந்ததுதான் கையளவு. புளி, தேங்காய்த் துருவல், நெய் எல்லாவற்றுக்கும் இதே முறை. பெருங்காயத்தை வீட்டுத் தராசு காட்டாது. பத்துக் கிள்ளு எடுத்து ஒன்றாக நிறுத்துப் பத்தால் வகுக்க வேண்டியதுதான். மூன்று நாலு தடவை செய்து பார்த்தால், கண்ணளவு என்று நாம் சொல்வது எவ்வளவு துல்லியமானது என்பது தெரியும். அந்தக் கையை நான் வணங்குகிறேன்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ருசி வராமல் போவதுண்டு. காரணம் சாமான். பெரியம்மா ‘பேட்கின்னா 9’ என்று எழுதியதில் பெரிய பாடம் இருக்கிறது. ராமநாதபுரத்துக் குண்டு மிளகாயின் காரம் வேறு; கர்நாடகத்துப் பேட்கி மிளகாய் நிறம் கொடுக்கும், காரம் குறைவு. ‘மிளகாய் 10’ என்ற குறிப்பு எந்த ஊர் மிளகாயை வைத்து எழுதப்பட்டது என்று தெரியாமல் செய்தால் குழம்பு ஒன்று எரியும், இல்லையென்றால் சப்பென்று இருக்கும். பம்பாய்க் கடையின் கோலம் அரிசி பொன்னியைப் போலத் தண்ணீர் வாங்காது. எண்ணெய் தடவிய துவரம்பருப்பும் தடவாததும் ஒரே நேரத்தில் வேகாது. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூவும் வாழைத்தண்டும் சேனையும் கறிவேப்பிலையும் வாழையிலையும் கிடைப்பதால் காய்கறிக்கு ஊர்ச் சமையலை அதிகம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மாறியது மளிகைதான். அதனால் அட்டவணையில் முடிந்தவரை மிளகாய், அரிசி, பருப்பு எந்த வகை என்று சேர்த்துவிடுவது நல்லது. அரைக்கும் பக்குவத்தையும் கவனிக்க வேண்டும். ஆட்டுக்கல் காலத்தில் ‘அரைக்கவும்’ என்று எழுதியதை மிக்சியில் ஓட்டும்போது தண்ணீர் கூடும், சூடும் ஏறும். வடைக்கு இரண்டும் ஆகாது.

நோட்டைச் சுருக்கும்போது முதலில் விழுபவை எவை என்று நான் பார்த்த வீடுகளிலெல்லாம் கவனித்திருக்கிறேன். பத்தியச் சமையல், பிள்ளை பெற்றவளுக்கான அங்காயப் பொடியும் லேகியமும், மிளகு மட்டும் சேர்க்கும் திவசச் சமையல், வருஷத்துக்கு ஒருமுறை வரும் காரடையும் திருவாதிரைக் களியும். ‘இதெல்லாம் யார் பண்றா இப்போ?’ என்று தாண்டிவிடுகிறார்கள். சாம்பாரும் அவியலும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். லேகியத்தில் அந்தக் குடும்பம் சேர்த்த சுக்கும் கண்டந்திப்பிலியும் எந்த விகிதத்தில் என்பது வேறெங்கும் கிடைக்காது. அட்டவணையை எழுதத் தொடங்குபவர் இந்தப் பக்கங்களிலிருந்தே தொடங்கட்டும். பிடித்த பண்டங்களை யாரும் மறக்கப் போவதில்லை.

காகிதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மும்பை மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஈரம் கோக்கும். அந்தச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், அடுப்புக்கு மேலே இருக்கும் பரணும் வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கினால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றுவது மேல். செல்லோடேப் சில வருஷத்தில் மஞ்சளித்து மையைத் தின்னும். லாமினேஷன் செய்தால் திரும்ப எடுக்க வழியே இல்லை. இரும்புக் கிளிப் துருவேறும். போனில் படம் எடுக்கும்போது ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்தால் மங்கிய பென்சில் எழுத்தும் எழும். காலிப் பக்கத்தையும் எடுங்கள், அட்டையின் உட்புறத்தையும் எடுங்கள். பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் அங்கேதான் இருக்கும், வருஷத்தைக் கண்டுபிடிக்க அவை உதவும்.

மாட்டுங்கா நோட்டுகளைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. இவை பெரும்பாலும் எழுதப் படித்த பிராமணப் பெண்களுடையவை. ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வேலைக்கும் கூலி வேலைக்கும் வந்த குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே வாழ்கின்றன. மும்பையின் தெருக்களில் சைக்கிளில் வரும் இட்லியில் பெரும்பகுதி வேகுவது அங்கேதான். கருவாட்டுக் குழம்பும் உளுந்தங்களியும் அறிந்த அந்தக் கைகளுக்கு நோட்டு எழுதும் ஓய்வோ, பல வீடுகளில் எழுத்தோ கிடைக்கவில்லை. தாராவியின் சமையலுக்கு என்று ஒரு புத்தகம் 2015இல் வந்தது. ‘ஸ்நேஹா’ அமைப்பு நடத்திய தாராவி பியனாலே கலைவிழாவுக்காகக் கலை வரலாற்றாளர் பிரஜ்னா தேசாய் அங்குள்ள எட்டுப் பெண்களோடு அமர்ந்து, அவர்கள் சமைப்பதைப் பார்த்து, சொல்வதைக் கேட்டு, குறிப்போடு அவர்களுடைய கதையையும் சேர்த்து எழுதினார். சமைத்தவர் யார் என்பதைக் குறிப்பிலிருந்து பிரிக்காத அந்த முறைதான் நான் இவ்வளவு நேரம் வாதாடிக்கொண்டிருப்பது. நோட்டே இல்லாத வீட்டில் தொகுப்பு குரலில் தொடங்க வேண்டும். அம்மாவோ ஆத்தாவோ சமைக்கும்போது போனில் பதிவுசெய்து, பெயரும் தேதியும் ஊரும் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிட்டால் அது எந்த டைரிக்கும் குறைந்ததல்ல. கேள்விகளைச் சமையலைச் சுற்றிக் கேளுங்கள்: யாரிடம் பார்த்தது, ஊரில் எதில் செய்வார்கள், இங்கே எது கிடைக்கவில்லை. அளவுக்குத் தராசு இருக்கிறது.

அட்டவணையைக் கம்ப்யூட்டரில் தமிழிலேயே அடியுங்கள். கையெழுத்துப் படத்தை இயந்திரம் நம்பகமாகப் படிக்காது. தேடினால் கிடைப்பது நீங்கள் அடித்த அட்டவணைதான். பிட்லை என்று ஒரு வீட்டில் சொல்வது இன்னொரு வீட்டில் ரசவாங்கியாக இருக்கும். நோட்டில் இருக்கும் பெயரை முதலில் போட்டு, மற்றப் பெயர்களை அடுத்த கட்டத்தில் சேருங்கள். முடிந்ததும் காகிதத்தில் அச்செடுத்து, செம்பூரில் ஒருவர், முலுண்டில் ஒருவர், வெளிநாட்டில் ஒருவர் என்று குடும்பத்தில் குறைந்தது மூன்று வீடுகளில் இருக்கும்படி கொடுங்கள். மூல நோட்டு யாரிடம் இருக்கிறது என்பதையும் அச்சுப்பிரதியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

‘சொன்னவர்’ என்ற கட்டத்தில் பாதி காலியாகத்தான் இருக்கும். அதை ஊகித்து நிரப்ப வேண்டாம். ரெண்டாம் மாடி மாமியின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அந்தக் கட்டடத்தில் வளர்ந்தவர்கள் சிலர் இப்போது தானேயிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த வாரமே போன் செய்து கேட்டுவிட வேண்டும்.